சரிபார்ப்பு இரும்பு

எங்கள் தொழிலில், ஒன்றைத் தேடுவதற்கு முன் ஒன்றைப் புதைக்க வேண்டும். கேட்பவர்களுக்கு இது விசர் வேலையாகத் தோன்றும். ஆனால் மண்ணுக்குள் கிடக்கும் இரும்பைக் காட்டுகிற கருவி சரியாக வேலை செய்கிறதா என்று வேறு எப்படித் தெரிந்துகொள்வது? எடையும் ஆழமும் நமக்குத் தெரிந்த ஓர் இரும்பை நாமே புதைத்துவிட்டு, அதன் மேலே கருவியைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். தெரிந்ததைக் காட்டினால்தான் தெரியாததைக் காட்டும் என்று நம்பலாம். அப்படிப் புதைப்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சரிபார்ப்பு இரும்பு. இதில் ஒளிவுமறைவு இல்லை. உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்கள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு விஷயம் தெரிந்த எல்லோரும் என்னை ஒரு மோசடிக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அன்று அந்த மலையில் யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. யாராவது ஒருவர் பொய் சொல்லியிருந்தால் அவருடைய சட்டையைப் பிடித்திருப்பேன். பிடிக்க ஒரு சட்டை இல்லாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் பெயர் அஸ்ஃபர். ஊர் அலவத்துகொட. பேராதனையில் பௌதிகவியல் படித்துவிட்டு, கட்டுகஸ்தோட்டையில் ஒரு காலத்தில் கார்மென்ட் நடந்த கட்டடத்தில் இயங்கும் சின்னக் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறேன். அரசாங்கம் குவாண்டம் ஆராய்ச்சிக்கும் உள்நாட்டு உற்பத்திக்கும் கைகொடுக்கப் போகிறோம் என்று ஒரு கொள்கையை அறிவித்து, அதை நடத்த ஒரு பணியகத்தையும் திறந்தபோது, எங்கள் முதலாளி முதல் ஆளாகப் போய் வரிசையில் நின்றார். நாங்கள் ஒரு கை விரலில் எண்ணக்கூடிய ஆட்கள். கிடைக்காது என்றுதான் நினைத்தோம். கிடைத்தது. கருவியில் பெரும்பகுதி இந்த நாட்டிலேயே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. இந்த நாட்டு மண்ணில் மக்கள் முன்னிலையில் அது வேலை செய்வதைக் காட்ட வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை.

கருவியின் உயிர் ஒரு கடுகளவு வைரம். அது மட்டும் வெளிநாட்டுச் சரக்கு. சுருள், பெட்டி, மின்சுற்று எல்லாம் கட்டுகஸ்தோட்டைச் சரக்கு. வைரத்தின்மேல் பச்சை லேசரைப் பாய்ச்சினால் அது சிவப்பாக ஒளிரும். பக்கத்தில் இரும்பு இருந்தால் அந்தச் சிவப்பு ஒரு துளி மாறும். வைரத்துக்குள் ஓர் அணு இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். அந்தக் காலியிடத்தில் தங்கிய இலத்திரன்கள்தான் வெளியே உள்ள இரும்பை உணர்கின்றன. இதை ஒரு நோன்புப் பெருநாளன்று ரிஸ்மி நானாவுக்கு விளக்கினேன்.

"அப்ப ஒங்கட மெசினும் எங்கட உம்மாவும் ஒண்டுதான்டா," என்றார். "ஆரு வீட்டுல இல்லயோ அவன்ட யோசனதான் எந்த நேரமும்."

ரிஸ்மி நானா என் மூத்த சகோதரர். பழைய நீல வேன் ஒன்றில் பாயும் தலையணையும் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் விற்பவர். வேனின் உச்சியில் ஒலிபெருக்கி. அதில் அவர் தன் குரலையே பதிவுசெய்து ஓடவிட்டிருந்தார். "பாய், தலகாணி, பெட்சீட், நுளம்பு வலை! வந்து பாருங்க அக்கா, பாக்கிறதுக்குக் காசில்ல!" வாங்குகிறவர்களைவிட இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் அதிகம்.

போன நவம்பரில் மழை ஊற்றிக்கொண்டிருந்த வாரத்தில் ஒருவரும் மலைக்குப் போகவில்லை. நானா போனார். மழைக்குள்தான் போர்வை விற்கும் என்பது அவருடைய கணக்கு. கலஹாவுக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று பின்னேரம் அந்த மலையின் மேற்பாதி பிய்ந்து கீழே வந்தது. லயன் வீடுகள், கோயில், றோட்டு வளைவு, தேயிலை என்று எல்லாம் ஒரே சேறு. தோண்டினார்கள். சிலரை எடுத்தார்கள், பலரை எடுக்கவில்லை. மண் வரும்போது நீல வேன் அந்த வளைவில் நின்றது என்று ஒருவர் சொன்னார். இல்லை, அது அதற்கு முன்பே கம்பளைப் பக்கம் திரும்பி இறங்கியதைப் பார்த்தேன் என்று இன்னொருவர் சொன்னார். கம்பளையில் ஆறு றோட்டுக்கு மேலால் ஓடிய நாள் அது. வேன் கிடைக்கவில்லை, நானாவும் கிடைக்கவில்லை. தேடுதலை நிறுத்தி, அந்த மண்ணையே எல்லோருக்கும் அடக்க நிலமென்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

நானாவின் மனைவி கைரியா, எனக்கு மச்சி. எங்கள் பக்க வழக்கப்படி நானா மச்சியுடைய வீட்டில்தான் இருந்தார். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மச்சியின் தம்பி பளீலும் அதே வீட்டில்தான். தேடுதல் நின்ற பிறகு மௌலவி வந்து, முகத்தைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். புருஷன் மௌத்தானது உறுதியென்றால் பெண் இத்தா இருக்க வேண்டும். மௌத்தான நாளிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி, வீட்டைவிட்டு இறங்காமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். உறுதியில்லையென்றால் அவர் இன்னும் மனைவிதான்.

மச்சி திரைக்குப் பின்னால் போகவில்லை. நடு ஹோலில் கதிரையில் இருந்தபடி ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஆரு கண்ட?"

யாரும் காணவில்லை. ஆகவே மச்சி வெள்ளை உடுக்கவில்லை. அக்குறணைக்கு பஸ்ஸில் போய்ச் சாமான் வாங்கினார். நானாவின் போன் இலக்கத்துக்கு ரீலோட் போட்டுக்கொண்டேயிருந்தார், வெட்டிவிடுவார்கள் என்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? புருஷன் மண்ணுக்குக் கீழே கிடக்க இவள் பச்சை நிறத்தில் உடுத்திக்கொண்டு போகிறாள் என்றார்கள். எனக்குக் கேட்கும்படியே சொன்னார்கள். எங்கள் உம்மாவும் சொன்னார். உம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டிருந்தது. வாசலில் வேன் சத்தம் கேட்டால் எழுந்து கதவைத் திறப்பார். வந்தது பாண் விற்கிறவனாக இருக்கும்.

நானா இறந்துவிட்டார் என்றுதான் நான் நம்பினேன். ஆனால் மச்சியின் கேள்வி எனக்குச் சரியாகப் பட்டது. ஆரு கண்ட? என் தொழிலும் அதுதானே.

கருவி ஜனவரியில் முடிந்தது. ஒரு வேனின் அளவு இரும்பு என்றால், பனைமர உயரத்துக்கு மண் மூடியிருந்தாலும் அது காட்டும் என்று எனக்குத் தெரியும். அன்றே அதை எடுத்துக்கொண்டு கல்லுமலைக்கு ஓடியிருப்பேன். முடியாது. பணியகத்தின் சான்று கிடைக்கும்வரை கருவி முத்திரையிட்ட பெட்டியில் இருக்க வேண்டும், அவர்கள் இல்லாமல் வெளியே எடுக்கக் கூடாது. பணியகத்தின் சார்பில் எங்களைப் பார்த்துக்கொண்டவர் நடராஜா ஐயா. யாழ்ப்பாணத்தவர், கண்டியில் பல காலம் உத்தியோகம் பார்த்தவர். கெட்ட மனிதர் அல்ல. நான் கேட்கும்போதெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"ஓம் தம்பி, எனக்கு விளங்குது. உம்மட நிலையில நான் இருந்தாலும் இதைத்தான் கேப்பன். ஆனா முதல்ல சான்று எடுப்பம். எடுத்தாப் பிறகு நீர் அதை எங்க வேணுமெண்டாலும் கொண்டு போம்."

பிறகு ஒரு நாள் அவரே கூப்பிட்டுச் சொன்னார். கருவியைக் காட்டுவதற்கு மேலிடம் இடம் தெரிவு செய்துவிட்டதாம். கல்லுமலை. நம் நாட்டில் செய்த கருவி, நம் மக்கள் துன்பப்பட்ட இடத்தில் வேலை செய்வதை மக்கள் பார்க்க வேண்டுமாம். பிரதி அமைச்சர் ஒருவர் வருகிறாராம்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, சந்தோஷம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். விழா முடிந்ததும் கருவியை அப்படியே தள்ளிக்கொண்டு அந்த வளைவுவரை நடந்துவிடலாம் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். அந்த வளைவு, விழாப் பந்தல் போடும் இடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான்.

சரிபார்ப்பு இரும்புக்கு ஏதாவது கனமாக வேண்டும். கம்பளையில் பழைய வாகனங்களை உடைத்து விற்கும் ஒரு யார்டில் வேன் எஞ்சின் ஒன்று வாங்கினேன். ஏன் எஞ்சின் என்றால், அது கட்டி இரும்பு, கச்சிதமானது, கருவியில் தெளிவாகத் தெரியும். இறைச்சிக் கடைக்காரன் மாட்டைப் பார்ப்பதுபோல நான் அதை எடையாகத்தான் பார்த்தேன். வேன் எஞ்சின் என்று யோசிக்கவேயில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை.

விழாவுக்கு முதல் நாள் காலை அதைக் கல்லுமலைக்குக் கொண்டுபோனோம். குழி வெட்டத் தோட்டத்திலிருந்து அழகமுத்து என்பவர் வந்தார். பொக்கென்று தளர்ந்த மண், வெட்டச் சிரமமில்லை. எஞ்சினைக் கயிறு கட்டி இறக்கப்போகும்போது அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. இங்க புதுசா ஒண்ணையும் பொதைக்க வேணாங்க. உள்ள இருக்கிறவங்களே போதும்."

"இது வெறும் இரும்புங்க."

"இரும்புதாங்க. ஆனா பொதைக்கிறப்ப ஒரு எண்ணம் வருது பாருங்க, அத யாரு தோண்டி எடுக்கிறது?"

அவருடைய தங்கச்சி குடும்பம் உள்ளேதான் இருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அவர் மண்ணைத் தள்ளி மூடினார். மூடிவிட்டு, யாரும் கேட்காமலேயே ஒரு வெற்றிலையை மடித்து அதன் மேல் வைத்தார். அவர் போன பிறகு நான் அதை எடுத்துவிட்டேன். மக்கள் கண்ணில் பட்டால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன்.

மறுநாள் பந்தல், கொடி, கதிரைகள், பாற்சோறு. சேற்றில் கால் படாமல் நடக்கப் பலகை. கீழே லயன்களிலிருந்து சனம் வந்து தள்ளி நின்றது. அவர்களை யாரும் கூப்பிடவில்லை, போகச் சொல்லவுமில்லை. நான் கருவியைச் சக்கரத் தட்டில் வைத்து மெதுவாகத் தள்ளினேன். பெரிய திரையில் ஒரு கோடு தட்டையாக ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் இருக்கும் இடத்துக்கு நெருங்க நெருங்கக் கோடு எழுந்தது. அது எழுந்த அழகை என்ன சொல்வது! இத்தனை மாத உழைப்பு, என் கையால் ஒட்டிய வைரம். பந்தலில் கை தட்டினார்கள். அறிவிப்பாளப் பொடியன் முதலில் சிங்களத்தில் சொன்னான், பிறகு தமிழில்.

"மண்ணுக்குள் ஆழத்தில் வாகன எஞ்சின் ஒன்று இருப்பதை, எமது நாட்டில் தயாரிக்கப்பட்ட குவாண்டம் கருவி துல்லியமாகக் கண்டறிந்துள்ளது."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. நாங்கள் புதைத்த எஞ்சின் என்ற ஒரு சொல் மட்டும் அதில் இல்லை. அது பந்தலில் இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

அப்போதுதான் சனத்துக்குள் பச்சை அபாயாவைக் கண்டேன். மச்சி. பளீலின் த்ரீவீலரில் வந்திருக்கிறார், விழா நடக்கிறதைச் செய்தியில் கேட்டிருக்கிறார்கள். அவர் கத்தவில்லை, அழவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, மெல்ல அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்தார். உதடு அசைந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். சத்தம் எனக்கு எட்டவில்லை. ஆனால் மரணச் செய்தி கேட்டால் நாங்கள் சொல்லுவது வேறு என்ன?

நான் கருவியை விட்டுவிட்டு ஓடப் பார்த்தேன். பிரதி அமைச்சர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கமராக்கள். நடராஜா ஐயா என் தோளில் கை போட்டு, "இவர்தான் எங்கட கண்டிப் பொடியன்," என்று எல்லோருக்கும் காட்டினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். மறுநாள் படத்தில் பார்த்தேன். விடுபட்டு வந்தபோது பளீல் மச்சியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கருவியைப் பெட்டியில் வைத்து முத்திரையும் இட்டுவிட்டார்கள். வளைவுவரை நடக்கிற என் திட்டம் அந்தப் பெட்டிக்குள்ளேயே போய்விட்டது.

நான் அலவத்துகொட வந்து சேர்ந்தபோது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மச்சி குளித்து வெள்ளை உடுத்திவிட்டார். அறை வாசலில் திரை தொங்கியது. மௌலவி சொல்லியிருக்கிறார், மலை சரிந்த நாளிலிருந்துதான் இத்தாவை எண்ண வேண்டும், பாதிக்கு மேல் ஏற்கெனவே கழிந்துவிட்டது என்று. அதைக் கேட்ட பிறகுதான் மச்சி அழுதாராம். "கழிஞ்ச நாளெல்லாம் நான் கலர் உடுத்துக்கிட்டு பஸ்ஸில போய் வந்தேனே," என்று. உம்மா இதை எனக்குச் சொல்லிவிட்டு, "அல்லாஹ் ஒங்கட கைக்கு பரக்கத் செய்யட்டும் மகன். நீங்கதான் அவர எடுத்துத் தந்தீங்க," என்று என் உள்ளங்கையை முகர்ந்தார்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா, உடல் இல்லாமல் தொழுகிற தொழுகை. முதல் வரிசையில் எனக்கு இடம் விட்டிருந்தார்கள், சகோதரர் அல்லவா. நான் நின்றேன். நாலு தக்பீரும் சொன்னேன். கம்பளையில் பேரம் பேசி வாங்கிய ஓர் எஞ்சினுக்காக என் ஊர் முழுவதும் வரிசையாக நின்று துஆ கேட்டது. நானாவுக்காகத்தான் கேட்டது, தெரியும். ஆனால் கண்ணை மூடினால் எனக்கு அந்தக் கயிறும் எண்ணெய்க் கறையும்தான் தெரிந்தன.

அன்று உம்மா தூங்கினார். அடுத்த நாளும் தூங்கினார். ஊர் வாய் அடங்கியது. மச்சியை இப்போது ஸாலிஹான பெண், நல்லொழுக்கமுள்ளவள் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நானா இறந்துபோனது உண்மை, வழி மட்டும்தான் பிழை, விடை சரியென்றால் போகட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சான்று வந்ததும் கருவியோடு போவேன், உண்மையான வேனைக் கண்டுபிடிப்பேன், பொய் தானாகவே உண்மையாகிவிடும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

ஒரு வாரம் போலக் கழிந்து, வேலையாகப் பேராதனையிலிருந்து கலஹா பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வெயில் நேரம். ஒரு திருப்பத்தில் பஸ் நின்றது. எங்கோ மேலே தேயிலைக்குள்ளிருந்து நானா கூப்பிட்டார்.

"வந்து பாருங்க அக்கா, பாக்கிறதுக்குக் காசில்ல!"

பஸ்ஸிலிருந்து இறங்கி, வந்த பாதையில் ஓடினேன். குரல் வளைந்து வளைந்து கிட்ட வந்தது. தூரப் போனது. மறுபடி பக்கத்திலேயே கேட்டது. நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசும் அந்த இடம்கூட அப்படியே இருந்தது. கடைசியில் ஒரு வெள்ளை வேன் திருப்பத்தில் வந்தது. ஓட்டி வந்தவர் ஜெயராஜ், நானாவின் தொழில் கூட்டாளி.

என்னைக் கண்டதும் அவர் ஒலிபெருக்கியை நிறுத்தினார். "ரிஸ்மி பாய்தான் குடுத்தாருங்க. என் கொரலுக்கு நாய்தான் வரும்னு சொல்லி, தன்னோடத காப்பி பண்ணிக் குடுத்தாரு. அவரு போனதுக்கப்புறம் மாத்திறலாம்னு பாத்தேன். இந்தக் கொரலக் கேட்டாத்தான் ஆளுங்க வெளிய வர்றாங்க. சில பேரு வாங்கக்கூட வர்றதில்ல, அவரான்னு பாக்கத்தான் வர்றாங்க."

நான் றோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன். ஜனாஸா தொழுகையில் வராத அழுகை அங்கேதான் வந்தது. அவரான்னு பார்க்க நானும்தானே ஓடிவந்தேன். இறந்துவிட்டார் என்று எல்லோரையும் நம்பவைத்த நானே.

அந்த வாரமே சான்று வந்தது. நடராஜா ஐயாவிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, குறை நினையாதையும். மேலிடத்தில இருந்து சொல்லிப்போட்டினம். மெசின் கொழும்புக் கண்காட்சிக்குப் போகுது. பிறகு வெளிநாட்டுக்காரருக்குக் காட்ட வேணுமாம். நேற்றே ஏத்தியாச்சு."

"எத்தன நாளைக்கு?"

"அது சொல்லேலாது. ரெண்டாவது மெசின் செய்யிறதுக்கு அனுமதி வரும். ஓம், கட்டாயம் வரும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இவர் பூசாரிகூட இல்லை, பாவம், கோயில் வாசலில் செருப்பு காக்கிறவர். அவரைத் திட்டி என்ன?

அதற்குப் பிறகும் நான் சும்மா இருந்திருப்பேனோ என்னவோ. பளீல் ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தான். த்ரீவீலருக்குள் சாக்கில் சுற்றிய இரண்டு கற்கள். மீஸான் கற்கள், கப்றுக்குழியின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நாட்டுகிறவை.

"தோட்டத்து தொரையிட்ட கதச்சிட்டேன் அஸ்ஃபர் நானா, ஓம் எண்டாரு. அந்த மெசின் காட்டின எடத்துல நாட்டப் போறேன். இத்தா முடிஞ்சதும் கைரியா தாத்தா கப்றடிக்கு வந்து ஸியாரத் செய்யணுமாம். நீங்க வந்து சரியான எடத்தக் காட்டுங்க."

எஞ்சினின் தலைமாட்டில் ஒரு கல். கால்மாட்டில் ஒரு கல். நான் பளீலிடம் கற்களை இறக்க வேண்டாம் என்றேன். அவனோடு அந்த த்ரீவீலரிலேயே ஏறி, கற்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மச்சியின் வீட்டுக்குப் போனேன்.

திரைக்கு இந்தப் பக்கம் எனக்கொரு கதிரை போட்டார்கள். பளீல் சுவரில் சாய்ந்து நின்றான். தடித்த துணி, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மச்சி கட்டிலில் இருந்திருக்க வேண்டும்; குரல் தாழ்வாக வந்தது.

"அஸ்ஃபர் தம்பியா? உம்மா சொகமா ஈக்கிறாவா?"

"மச்சி, ஒரு விசயம் சொல்ல ஈக்கி," என்றேன். பிறகு நிறுத்தாமல் சொன்னேன். சரிபார்ப்பு இரும்பு, கம்பளை யார்டு, கயிறு, குழி, எல்லாம். திரையிடம் பேசுவது கப்றிடம் பேசுவது போலிருந்தது. பளீல் இடையில் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். நான் முடித்தேன். வெளியே யாரோ தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க பொதச்ச எஞ்சினா?"

"ஓம் மச்சி."

"எல்லாரும் சொன்னாங்க, நான் நம்பல்ல. மௌலவி சொன்ன, நம்பல்ல. ஒங்கட மெசின் காட்டின, நம்பினேன். அஸ்ஃபர் தம்பி காணாத ஒண்ட கண்டெண்டு சொல்ல மாட்டார் எண்டு நம்பினேன்."

மச்சியே மறுபடி கேட்டார்.

"ஜனாஸா தொழுதீங்களா?"

"தொழுதேன்."

"தெரிஞ்சிக்கிட்டே?"

"தெரிஞ்சிக்கிட்டே."

மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அவர் குரலில் அழுகை இல்லை. அழுதிருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

"பொதைக்கிறதுக்கு முந்தி, அந்த எடத்துல வேற இரும்பு இல்லையெண்டு பாத்தீங்களா?"

அந்தக் கேள்வியில் ஒரு நூலளவு ஆசை இருந்தது. எஞ்சினுக்குக் கீழே, அதற்கும் ஆழத்தில், நீல வேன் இருக்கலாமோ என்ற ஆசை. அதையும் நான்தான் அறுக்க வேண்டியிருந்தது.

"பாத்தோம் மச்சி. பணியகத்து ஆக்கள் முன்னால மெசின எடுத்து, அந்த ஒரு எடத்த மட்டும் பாத்துத்தான் தெரிவு செஞ்ச. கீழ ஒண்டும் இல்லாத எடமாப் பாத்துத்தான் பொதைக்கணும்."

"அப்ப அந்த மலையில," என்றார் மச்சி, ஒவ்வொரு சொல்லாக, "அவர் இல்லையெண்டு நிச்சயமாத் தெரிஞ்சது அந்த ஒரு எடம் மட்டும்தான். அதுக்கு முன்னுக்கு குந்தித்தான் நான் இன்னா லில்லாஹி சொன்ன."

"ஓம்."

உள்ளே அலுமாரிக் கதவு திறந்தது. துணிகள் உரசின. நெடுநேரம் எடுத்தது. பளீல் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். பிறகு திரை விலகியது.

மச்சி அந்தப் பச்சை அபாயாவை உடுத்தியிருந்தார். அதன் ஓரத்தில் கல்லுமலைச் சேறு கழுவியும் போகாமல் மங்கலாகத் தெரிந்தது. முகம் மெலிந்திருந்தது. அவர் என்னை நேராகப் பார்த்தார். மறைந்திருக்க அவருக்கு இனி ஒரு காரணமும் இல்லை. கையில் அவர் கழற்றிய வெள்ளை உடுப்பு, கசங்காமல் சதுரமாக மடித்திருந்தது.

"பளீல், அந்தக் கல்ல கொண்டு போய்த் திருப்பிக் குடு," என்றார். பிறகு என்னிடம், "மெசின் இப்ப எங்க?"

"கொழும்புல மச்சி. கண்காட்சியில வெச்சீக்கி."

அவர் தலையை ஆட்டினார். கோபிக்கவில்லை. வெள்ளை உடுப்பை என் மடியில் வைக்காமல், நான் எழுந்து நிற்கும்வரை நீட்டிக்கொண்டே நின்றார்.

"இத நீங்க வெச்சிக்கோங்க. அவரக் கண்ட அண்டு கொண்டு வந்து தாங்க, நான் உடுக்கிறேன். அதுக்கு முந்தி இந்த வாசலுக்கு வர வாணாம்."

நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.